அறை வாடகையில் சலவைக்கும் பங்கு ஒதுக்குங்கள்

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில், வீட்டில் ஒன்றிரண்டு அறைகளை ஒழுங்குசெய்து வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாமா என்று யோசிக்கும் சிறு விவசாயிகள் உண்டு. நல்ல யோசனைதான். "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது பழமொழி. இரண்டு ஏக்கர் நெல்லை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். பால் மாடு, கோழி போல விருந்தினர் அறையும் ஒரு துணை வருமானமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

மத்திய அரசும் இதை ஊக்குவிக்கிறது. வீட்டு உரிமையாளர் குடும்பத்துடன் குடியிருக்கும் வீட்டில் 1 முதல் 6 அறைகள் வரை விருந்தினருக்கு விடுவதற்கு, சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரத் திட்டம் ஒன்று இருக்கிறது. 2025 பிப்ரவரி 1 அன்று தாக்கலான பட்ஜெட்டில், இத்தகைய வீடுகளுக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என்றும் அறிவித்தார்கள்.

கடன் வாங்குவோர் சுவருக்குக் கணக்குப் போடுகிறார்கள். கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் விருந்தினர் போன பிறகு அழுக்கு மூட்டையாகக் கிடக்கும் விரிப்புகளை யார் துவைப்பது, யார் இஸ்திரி போடுவது, எந்த நீரில், எந்தக் கூலிக்கு என்று கணக்குப் போடுவோர் மிகக் குறைவு. "அதெல்லாம் வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வாக்கியத்தில்தான் இத்தொழிலின் உண்மையான நட்டம் ஒளிந்திருக்கிறது என்பது என் கருத்து.

காஞ்சிக்கு வரும் கூட்டம்

காஞ்சிபுரத்துக்கு ஆள் வருவதில் குறைவில்லை. மாசியில் காமாட்சியம்மன் கோயில் பிரம்மோற்சவம், பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவம், வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை என்று ஆண்டு முழுவதும் விழாக்கள் உண்டு. சித்திரா பௌர்ணமி அன்று வரதர் ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளும்போது, நகரத்துக் கூட்டம் கிராமத்துக்கே வந்துவிடுகிறது. முகூர்த்த மாதங்களில் பட்டு எடுக்க வரும் குடும்பங்கள் தனி. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களும், மேல்மருவத்தூருக்கு மாலை போட்டவர்களும் காஞ்சியையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கூட்டம் எந்த அளவுக்குப் போகும் என்பதை 2019-ல் கண்டோம். 40 ஆண்டுகளுக்கு ஒரு முறை அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதர், 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை தரிசனம் தந்தார். அதற்கு முந்தையது 1979; அடுத்தது 2059. அந்த நாட்களில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் வந்து போனார்கள். விடுதிகளில் இடம் கிடைக்காமல் மக்கள் தவித்தனர். அப்படிப்பட்ட கூட்டத்தை வைத்து நிரந்தரத் தொழிலைக் கணக்கிடக் கூடாது. ஆனால் சாதாரண ஆண்டுகளிலும் சுத்தமான படுக்கை கிடைத்தால் வருவதற்கு ஆள் உண்டு என்பது உறுதி.

"சுத்தமான" என்ற சொல்லைக் கவனியுங்கள். வருகிறவர் ஓட்டு வீட்டைப் பார்த்து முகம் சுளிக்கமாட்டார். மாட்டுக் கொட்டகை பக்கத்தில் இருந்தாலும் குற்றம் சொல்லமாட்டார். தலையணை உறையில் முந்தைய விருந்தினரின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் மறுமுறை வரமாட்டார். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற நம் வீட்டு விதி, வாடகை அறைக்கு இரண்டு மடங்கு பொருந்தும்.

ஒரு மாற்றுக்கு 16 உருப்படி

இரண்டு அறை, நான்கு கட்டில், நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஒரு விரிப்பு, ஒரு பருத்திப் போர்வை, ஒரு தலையணை உறை, ஒரு துண்டு. ஆக 4 உருப்படி. நான்கு பேருக்கு 16. காய்ந்த நிலையில் இவற்றின் எடை ஏறக்குறைய 6 கிலோ. நனைந்து பிழிந்த பின் அதுவே இரண்டு மடங்குக்குப் பக்கமாகப் போகும். அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடியில் போடுவதும் ஓர் ஆள் வேலைதான்.

ஊற வைத்து, கசக்கி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, பிழிந்து, உலர்த்தி, எடுத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைக்க, கைவேலையாகச் செய்தால் மொத்தம் 3 மணி நேரத்துக்குக் குறையாது. மாதத்தில் 10 முறை அறை மாறினால் 30 மணி நேரம். அதாவது எட்டு மணி நேரக் கணக்கில் ஏறக்குறைய 4 நாள் உழைப்பு.

இந்த நான்கு நாளை யார் தருகிறார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அவர்களுக்குக் கூலி இல்லை என்பதால் செலவு இல்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் அவர்கள் சலவைக் கல்லடியில் நிற்கும் நாளில் வயலில் களை எடுக்க வேறு ஆள் வைக்கிறோம். அந்த ஆளுக்குப் பணமாகக் கூலி கொடுக்கிறோம். ஒரு கையால் வாங்கிய அறை வாடகையை மறு கையால் களத்துமேட்டில் கொடுக்கிறோம். இதை லாபம் என்று சொல்ல முடியுமா?

விழாவும் வேலையும் ஒன்றாக வரும்

நம் வட்டாரத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டங்கள். பங்குனி உற்சவக் கூட்டம் வரும்போது நவரைப் பயிர் அறுவடையை நெருங்கும். வைகாசி கருட சேவையின்போது சொர்ணவாரியில் நடவோ களையோ நடக்கும். ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது.

ஆக, விருந்தினர் அதிகம் வரும் நாட்களே வீட்டில் கை குறைவாக இருக்கும் நாட்கள். ஆள் வந்த பிறகு ஓடி ஆடி ஏற்பாடு செய்வதில் பயனில்லை. விதை நேர்த்திபோல, சலவையையும் பட்டம் தொடங்கும் முன்பே திட்டமிட வேண்டும்.

இத்தாலி நாட்டில் விவசாயிகள் தங்கள் பண்ணை வீடுகளில் விருந்தினரைத் தங்க வைப்பதற்கென்றே 1985-ல் தனிச் சட்டம் இயற்றினார்கள். விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும். விருந்தினரைத் தங்க வைப்பது அதற்குத் துணையாக இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படை. நமக்கும் அதுவே சரியான அளவுகோல். அறை வாடகைக்காகக் களை தள்ளிப்போனால், அங்கே தொழில் தலைகீழாகிவிட்டது என்று பொருள்.

சலவைத் தொழிலாளிக்குக் கொடுங்கள்

என் யோசனை இதுதான்: விரிப்பு, போர்வை முதலிய கனமான துணிகளை வீட்டில் துவைக்காமல், ஊரில் அல்லது பக்கத்து ஊரில் உள்ள சலவைத் தொழிலாளிக்கு மாத ஏற்பாடாகக் கொடுத்துவிடுங்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். கணக்குக்காக, சலவையும் இஸ்திரியும் சேர்த்து உருப்படிக்கு 10 ரூபாய் என்று கொண்டால், ஒரு மாற்றுக்கு 160 ரூபாய். 10 மாற்றுக்கு 1,600 ரூபாய். உங்கள் ஊர் விலை இதைவிடக் கூடலாம், குறையலாம். எதுவானாலும் அந்தத் தொகையை வாடகையில் சேர்த்தே அறைக்கு விலை வையுங்கள்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முன்பு கிராமங்களில் சலவைத் தொழிலாளிக்கு ஆண்டு முழுவதும் வேலை வாங்கிவிட்டு, அறுவடையில் களத்து நெல்லும் வீட்டுச் சோறும் கொடுத்து அனுப்பும் வழக்கம் இருந்தது. அதில் கூலியும் குறைவு, மரியாதையும் குறைவு. அத்தொழிலை விட்டு அவர்களுடைய பிள்ளைகள் வெளியேறியதற்கு அதுவும் ஒரு காரணம். விருந்தினர் அறையைக் காரணம் காட்டி அந்தப் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவரக் கூடாது. எண்ணி எடுத்துக்கொள்வதும், எண்ணிக் கொடுப்பதும், வாரம் தவறாமல் பணமாகத் தீர்ப்பதும்தான் முறை. வயதில் மூத்தவரை "வாங்க, போங்க" என்று அழைக்க யாருக்கும் செலவாகாது.

சலவைத் தொழிலாளர்களுக்கு விலையில்லாத் தேய்ப்புப் பெட்டி வழங்கும் திட்டம் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையில் உண்டு. கரிப் பெட்டிக்குப் பதில் எரிவாயுவில் இயங்கும் பெட்டிகளும் வழங்கப்பட்டிருக்கின்றன. தொழிலாளர்கள் குழுவாகச் சேர்ந்து நவீன சலவையகம் அமைக்கவும் உதவி அறிவிக்கப்பட்டிருக்கிறது. விவரத்தை மாவட்ட நல அலுவலகத்தில் கேட்கலாம். ஒரு வீட்டின் இரண்டு அறையை நம்பி யாரும் சலவையகம் தொடங்க மாட்டார்கள். வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்தில் நாலைந்து ஊர்களில் அறை விடுவோர் சேர்ந்து வேலை தருகிறோம் என்றால் அவர்களுக்கும் நம்பிக்கை பிறக்கும். பால் சங்கம் கண்ட நமக்கு இது புதிய பாடம் அல்ல.

"இயந்திரம் வாங்கிப் போட்டால் போகிறது" என்று சிலர் சொல்வார்கள். சலவை இயந்திரம் கசக்கும், பிழியும். உலர்த்தவும் மடிக்கவும் இஸ்திரி போடவும் ஆள் வேண்டும். மாதம் நாலைந்து மாற்றுக்காக மட்டும் கடனில் இயந்திரம் வாங்குவது லாபம் தராது. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்துங்கள்.

மின்சாரத்தில் ஓர் எச்சரிக்கை. விவசாயத்துக்கான இலவச மின் இணைப்பு பாசனத்துக்கு மட்டுமே. அதிலிருந்து கம்பி இழுத்துச் சலவை இயந்திரமோ இஸ்திரிப் பெட்டியோ ஓட்டுவது முறைகேடு. மின்வாரியம் நடவடிக்கை எடுக்கும். இலவச மின்சாரத்தின் மீது ஏற்கெனவே பலருக்குக் கண். அவர்களுக்கு நாமே காரணம் தேடிக் கொடுக்கக் கூடாது. வீட்டு இணைப்பில் வாடகை அறை நடத்தினால் எந்தக் கட்டண வீதம் பொருந்தும் என்பதையும் மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்பது நினைவில் இருக்கட்டும்.

எத்தனை செட்டு? என்ன துணி?

ஒவ்வொரு கட்டிலுக்கும் மூன்று செட்டு தேவை. ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். மழைக்காலத்தில் நான்காவது ஒன்று இருந்தால் நிம்மதி. இரண்டு செட்டை வைத்துக்கொண்டு சமாளிப்பவர், மழை நாளில் ஈர விரிப்பைப் போட்டுப் பேரைக் கெடுத்துக்கொள்வார்.

சென்னிமலை, கரூர்ப் பக்கத்துப் பருத்தி விரிப்புகள் உழைக்கும். வெள்ளை அல்லது வெளிர் நிறமாக வாங்குங்கள். "அழுக்குத் தெரியாது" என்று அடர் நிறம் வாங்குவது தவறு. அழுக்கு தெரிந்தால்தான் துவைப்போம். வருகிறவருக்கும் நம்பிக்கை வரும். எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் வாங்கினால் ஒன்று கிழிந்தாலும் செட்டு கெடாது. ஜமக்காளம் தரையில் விரிக்க நல்லது. ஆளுக்கு ஆள் மாற்றித் துவைக்கும் படுக்கை விரிப்புக்கு அது ஏற்றதல்ல.

ஒரே குடும்பம் இரண்டு மூன்று நாள் தங்கினால் தினமும் விரிப்பை மாற்ற வேண்டியதில்லை. பெரிய ஓட்டல்களிலேயே, துண்டை மறுபடி பயன்படுத்துவதானால் கொடியில் போடுங்கள் என்று அட்டை எழுதி வைக்கிறார்கள். ஆனால் ஆள் மாறினால் துணி மாற வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஓர் இரவு தங்கினாலும் மூன்று இரவு தங்கினாலும் சலவைச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். எனவே இரண்டு இரவு தங்குவோருக்கு வாடகையில் சற்றுச் சலுகை கொடுத்தாலும் உங்களுக்கு நட்டமில்லை.

கோயில் ஊர்க் கறைகள்

காஞ்சிக்கு வருவோரின் துணியில் வரும் கறைகள் தனி வகை. அவற்றுக்குச் சில குறிப்புகள்:

1. மஞ்சள் கறையில் சோப்புப் பட்டதும் சிவக்கும். பயப்பட வேண்டாம். நன்றாக அலசி நேர் வெயிலில் உலர்த்தினால் நாளடைவில் வெளுத்துவிடும்.

2. குங்குமம், விபூதி உதிர்ந்திருந்தால் முதலில் உதறுங்கள். ஈரக் கையால் தேய்த்தால் கறை உள்ளே இறங்கும்.

3. தலை எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோப்பைத் தடவிச் சற்று நேரம் வைத்து, வெந்நீரில் துவைக்க வேண்டும். இரத்தக் கறைக்கு மட்டும் குளிர்ந்த நீர். வெந்நீர் பட்டால் கறை படிந்துவிடும்.

4. மாலை போட்ட பக்தர்கள் ஈரச் சிவப்புச் சேலையையோ கறுப்பு வேட்டியையோ கட்டிலில் போட்டால் விரிப்பில் சாயம் ஏறும். அறைக்கு வெளியே அவர்களுக்கென்று ஒரு கொடி கட்டிக் கொடுங்கள். பத்தடிக் கயிறு பல விரிப்புகளைக் காப்பாற்றும்.

5. பிளீச்சிங் பவுடரை வெள்ளைப் பருத்திக்கு மட்டும், கரைத்துத் தெளிந்த நீராகப் பயன்படுத்தலாம். பட்டில் படவே கூடாது. கழிப்பறை கழுவும் அமிலத்துடன் அதைச் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

ஆழ்குழாய்க் கிணற்று உப்பு நீரில் சோப்பு நுரைக்காது. துணி நாளடைவில் பழுப்பேறும். கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருந்தால், கடைசி அலசலுக்கு அதைவிட நல்ல நீர் இல்லை. மழைநீர் சேகரிப்பு நம் மாநிலத்தில் 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. சட்டத்துக்காகப் போட்ட குழாயைச் சலவைக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இஸ்திரி எவ்வளவு வேண்டும்?

எல்லாத் துணிக்கும் இஸ்திரி தேவையில்லை. துண்டுக்கு வேண்டவே வேண்டாம். விரிப்பைச் சற்று ஈரம் இருக்கும்போதே இருவர் இரு முனையைப் பிடித்து இழுத்து உதறி வெயிலில் போட்டால் பாதிச் சுருக்கம் போய்விடும். தலையணை உறைக்கும் விரிப்பின் மேற்பகுதிக்கும் இஸ்திரி போட்டால் போதும். அறைக்கே களை வரும். ஈரம் முழுவதும் காயாமல் மடித்து அலமாரியில் வைத்தால் மட்கிய வாடை வரும்; பூஞ்சைப் புள்ளி விழும். கஞ்சி போடுவதானால் மிக மெல்லியதாகப் போடுங்கள். கெட்டிக் கஞ்சி உடம்பை உறுத்தும், பூச்சியையும் அழைக்கும்.

காஞ்சியில் இன்னொரு தொல்லை உண்டு. புதிதாக எடுத்த பட்டுச் சேலையைக் காட்டி, "நாளைக் காலை கோயிலுக்குக் கட்ட வேண்டும், கொஞ்சம் தேய்த்துக் கொடுங்கள்" என்பார்கள். அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். பருத்திக்கு வைக்கும் சூடு பட்டைப் பாழாக்கும். தண்ணீர் தெளித்தால் புள்ளி விழும். செயற்கைச் சரிகையாக இருந்தால் சூட்டில் சுருங்கும். சேலையை உட்புறமாகத் திருப்பி, மேலே வெள்ளைப் பருத்தித் துணி போட்டு, பெட்டியைப் பட்டுக்குரிய குறைந்த சூட்டில் வைத்து, நிறுத்தாமல் நகர்த்த வேண்டும். இதில் பழக்கமில்லாதவர் பட்டுக்கென்றே தேய்க்கும் கடைக்கு அனுப்பிவிடுவது நல்லது. ஒரு சேலை கெட்டால், ஒரு பட்டத்து அறை வாடகையும் அதோடு போய்விடும்.

சலவை நீர் எங்கே போகிறது?

விவசாயி என்ற முறையில் நாம் அதிகம் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான். பாலாற்றின் மேற்பகுதியில் தோல் பதனிடும் கழிவு நீர் மண்ணையும் கிணற்றையும் கெடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்தது. நம் வேகவதியில் நகரக் கழிவும் சாயக் கழிவும் கலந்ததும் காஞ்சிக்காரர்கள் அறிந்ததே. சலவை நீர் அவ்வளவு கொடியதல்ல. ஆனாலும் அதில் சோடியம் உப்பு இருக்கிறது. ஒரே இடத்தில் தொடர்ந்து விட்டால் களிமண் இறுகும், நீர் இறங்காது, மண் உவராகும். கிணற்றோரத்தில் தேங்க விட்டால், குடிக்கும் நீரில் அதுவே கலக்கும்.

எனவே சலவைக் கல்லைக் கிணற்றடியிலிருந்து தள்ளிப் போடுங்கள். முதல் சோப்பு நீரை ஜல்லியும் மணலும் போட்ட குழி வழியாக விட்டு, கல்வாழைப் பாத்திக்குப் பாய்ச்சுங்கள். பின்னால் வரும் அலசல் நீர் வாழைக்கும் தென்னைக்கும் போகலாம். வாரத்துக்கு வாரம் பாத்தியை மாற்றி விடுங்கள். கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் விடக் கூடாது. பிளீச்சிங் கலந்த நீரைப் பயிருக்கோ எருக்குழிக்கோ விடாதீர்கள். மாடு அதில் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே சலவைக்குக் கொடுத்தாலும், அவர் எந்த ஏரிக்கரையில் துவைக்கிறார் என்று கேளுங்கள். அது நம் பாசன ஏரியாகவே இருக்கலாம். தொட்டி கட்டிக்கொள்ள ஊரார் சேர்ந்து அவருக்கு இடம் ஒதுக்கித் தந்தால், அந்த உதவி நமக்கே திரும்பி வரும்.

முடிவாக

விருந்தினர் அறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செய்யுங்கள், கணக்கோடு செய்யுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, எத்தனை மாற்று, எத்தனை உருப்படி, சலவைக்கு எவ்வளவு, இஸ்திரிக்கு எவ்வளவு, கிழிந்தது எத்தனை என்று ஒரு பட்டம் முழுவதும் எழுதி வாருங்கள். வீட்டுப் பெண்கள் செய்த வேலையையும் அதே புத்தகத்தில், களை எடுப்புக் கூலி வீதத்தில் எழுதுங்கள். அந்தத் தொகையை அவர்கள் கையில் கொடுங்கள்.

எல்லாம் போக மிச்சம் நின்றால் அது உண்மையான வருமானம். மிச்சம் நிற்கவில்லை என்றால் வாடகையை உயர்த்துங்கள். உயர்த்த முடியவில்லை என்றால் அறையை விழா நாட்களில் மட்டும் திறங்கள். வீட்டில் உள்ளவர்களின் இடுப்பை ஒடித்து வரும் பணத்தை வருமானம் என்று எழுதாதீர்கள்.